முதுகு நோவும் பத்துக் கிழமை லீவும்

கனடாவில், ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோவில் படிவம் நிரப்புவதை ஒரு தொழிலாக நிலைநாட்டியவன் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வதென்றால் என்னிடம் இதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமார், உங்களுக்கு முன்னால் இந்தப் பாதையில் யார் நடந்து போனான் என்று தெரிந்திருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களுக்குச் சுழல்கிற கதிரை இருக்கிறது. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்குகிறது. எனக்கு இருந்தது ஒரு பிளாசாவில், வீடியோக் கடையின் பின்மூலையில், ஒரு மேசை. ஒரு பக்கம் படக் கசெற் அடுக்கிய தட்டு. மறுபக்கம் கடைக்காரர் மீன் வைத்திருந்த ஐஸ்பெட்டி. ஆட்கள் மூன்று படமும் ஒரு மீனும் வாங்கி, ஒரு படிவமும் நிரப்பிக்கொண்டு போவார்கள். சில படிவங்களில் மீன் வாசம் அடித்திருக்கும். அந்தக் காரணத்துக்காக ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. எட்டு முழுவதும் என்று சொல்ல என் மனைவி விடமாட்டாள், பாதி என்பாள். அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்த அறிவித்தல்களை எழுத்துக்கூட்டி வாசித்து, ஆங்கிலத்தை நானாகவே பிடித்தேன். இரண்டு வருடத்தில் அந்த அறிவித்தல்களில் இருந்த பிழைகளை முதலாளிக்குக் காட்டினேன். மூன்றாம் வருடம் என்னை வேலையால் நிற்பாட்டினார். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றுதான் அவர் சொன்னார்.

படிவத்தை நம் ஆட்கள் ஃபோம் என்பார்கள்; "ஃபோம் அண்ணை" என்று கேட்டால் வடக்கு மூலை மில்லிக்கனில் இருப்பவனும் வழி காட்டுவான். மிசிசாகாவிலிருந்து, இரண்டு பஸ் மாறி, பனிக்குள் வருவார்கள். சட்டத்தரணிகள் இரண்டு பேர் தங்களுக்கு விளங்காத படிவத்தை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். என் சொந்தப் பெயர் என் மனைவிக்கும் வரித் திணைக்களத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்போது எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அரசாங்கத்துக்கு உண்மை, சனத்துக்குப் பொய். படிவத்தில் நான் ஒரு பொய் எழுதியதில்லை, எழுத விட்டதுமில்லை. ஆனால் எலிவேற்றருக்குள் அயலவர் கேட்கும் கேள்விக்கு உண்மையே சொல்லவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இரண்டும் இரண்டு வழி, ஒன்றையொன்று சந்திக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவை சந்தித்த நாளைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிள்ளை பிறந்தால் கிடைக்கும் லீவுக் காப்புறுதி இப்போது போல நீளமானதல்ல. சம்பளத்தில் ஒரு சிறு துண்டைப் பிடித்துக்கொண்டே வருவார்கள். வேலை போனால் மட்டுமல்ல, நோய் வந்தாலும், பிள்ளை பிறந்தாலும், அந்தக் காப்புறுதியிலிருந்து சம்பளத்தின் ஒரு பங்கு வரும். தாய்க்குப் பதினைந்து கிழமை, அதாவது பதினைந்து வாரம். அதன்பிறகு பிள்ளையைப் பார்ப்பதற்கென்று இன்னொரு பத்துக் கிழமை. இந்தப் பத்தைத் தாயும் எடுக்கலாம், தகப்பனும் எடுக்கலாம். என் மேசையில் நூற்றுக்கணக்கான தாய்மாருக்கு எழுதியிருக்கிறேன். தகப்பன் ஒருவனுக்கும் எழுதியதில்லை. படிவத்தில் தகப்பன் என்ற சொல் வருகிற இடத்தில் நம் ஆண்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை, யோகன் என்ற இளம் மனிதன் கடைக்குள் வந்து கசெற் தட்டில் ஒரு பக்திப் படத்தை எடுத்து, அதன் பின்னட்டையை முக்கால் மணித்தியாலம் வாசித்தான். என் மேசை வெறிச்சோடியதும் வந்து குனிந்தான்.

"அண்ணை, ஒரு விசயம். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

ஆளைக் கொன்றுவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"அந்தப் பிள்ளைப்பெறு லீவை ஆம்பிளையளும் எடுக்கலாமெண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?"

அவன் பிளாஸ்ரிக் மூடி செய்கிற ஃபக்ரரி ஒன்றில் மெஷின் ஓட்டுபவன். மனைவி வதனி கோட் தைக்கிற இடத்தில் வேலை செய்துவிட்டு, முதல் பிள்ளைக்காகத் தன் பதினைந்து கிழமையில் இருந்தாள். அது முடிகிற கிழமையே தாதி உதவியாளர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வரிசையில் ஆட்கள் நின்றார்கள். தொடர்ந்து மூன்று நாள் போகாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. ஆகவே பத்துக் கிழமையையும் யோகன் எடுத்துப் பிள்ளையைப் பார்ப்பது, அதற்குள் வதனி படிப்பின் கஷ்டமான பாதியைத் தாண்டுவது, பிறகு பிள்ளையை ஒரு பராமரிப்பு இடத்தில் விடுவது என்று இருவரும் தீர்மானித்திருந்தார்கள். நல்ல தீர்மானம். ஆனால் அவர்கள் இருந்தது இருபது மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் நம் ஆட்கள். ஆம்பிளை பிள்ளைப்பெறு லீவு எடுத்தான் என்ற செய்தி முதலில் பாதாள மாடியில் இருக்கும் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போகும், அங்கிருந்து யாழ்ப்பாணம் போகும், தாய் ரெலிபோனில் அழுவார் என்று அவன் நடுங்கினான்.

நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்தேன். இப்படியான இடத்தில்தான் என் மூளை வேலை செய்யும்.

"அரசாங்கத்துக்கு உள்ளதை எழுதுவம்," என்றேன். "சனத்துக்கு முதுகு நோ எண்டு சொல்லு."

ஏன் முதுகு என்பதையும் விளக்கினேன். கால் என்றால் நொண்டவேண்டும், ஒரு நாள் மறந்துபோய் மற்றக் காலால் நொண்டுவாய். காய்ச்சல் பத்துக் கிழமைக்கு நிற்காது. நெஞ்சு என்றால் தாய் விமானம் ஏறிவிடுவார். முதுகு மட்டும்தான் ஒருவருக்கும் தெரியாமல் நோகும், ஒருவருக்கும் தெரியாமல் மாறும். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். படிவத்தை நிரப்பி அனுப்பினேன். லீவும் கிடைத்தது. ஒரு மாதம் வரை, ஸ்காபரோவில் தகப்பனுக்கு லீவு எடுத்துக் கொடுத்த முதலாவது ஆள் என்று நான் எனக்குள்ளேயே நடந்து திரிந்தேன். வெளியே சொல்ல முடியாததுதான் வருத்தம்.

இரண்டு விஷயங்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒன்று, அந்தப் பிள்ளை. அது ஆட்டினால் தூங்காது, பாடினால் தூங்காது. தகப்பன் அதை இடது கையில் நீட்டிக் கிடத்திக்கொண்டு தோப்புக்கரணம் போடுவதுபோல இருந்து இருந்து எழும்பவேண்டும். முப்பது தரம் எழும்பினால் கண் மூடும். வேறு எதற்கும் மூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த முதல் நாள் பதற்றத்தில் யோகன் அப்படிச் செய்து பழக்கிவிட்டான்.

மற்றது பவளம் மாமி. யோகனின் தகப்பனுக்கு அக்கா. இரண்டு மாடி கீழே இருந்தவர். மருமகனுக்கு முதுகு என்று கேள்விப்பட்ட அன்றே உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வந்தார். மறுநாள் உப்பு ஒத்தடம். அதற்கடுத்த நாள் முருங்கையிலைச் சாறு. கதவு தட்டுப்பட்டால் யோகன் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பாய்ந்துபோய் சோஃபாவில் கிடப்பான். பிள்ளை அழும். மாமி தூக்கிக்கொண்டு நடப்பார், தாலாட்டுவார், யன்னலால் காரெல்லாம் காட்டுவார். பிள்ளை நீலம் பாரிக்கும். சோஃபாவில் போர்வைக்குள்ளே யோகனின் முழங்கால்கள் தன்பாட்டில் மடங்கி நிமிர்ந்துகொண்டிருக்கும். "பார், நோவிலை கால் இழுக்குது," என்று மாமி கண்ணைத் துடைப்பார்.

அவன் எனக்குத் தினமும் கடைக்கு ரெலிபோன் எடுத்து முறையிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு கிட என்று சொன்னேன்.

பழி வதனி மேல் விழுந்தது. உடுப்புத் தோய்க்கும் அறையில் அவள் காதுபடவே பேசினார்களாம், புருசன் படுத்த படுக்கை, கைக்குழந்தை கத்துது, இவ புத்தகப் பையோட வெளிக்கிடுறா என்று. ஒரு நாள் படிப்பு முடிந்து பஸ்ஸால் இறங்கி நேராக என் மேசைக்கு வந்தாள். பையைக் கழற்றவில்லை, உட்காரவுமில்லை.

"அண்ணை, உங்கட மூளை அவருக்கு லீவு எடுத்துக் குடுத்திட்டுது. எனக்குக் கெட்ட பேர் எடுத்துக் குடுத்திட்டுது. நான் படிப்பை விடவோ?"

விடாதே, இன்னும் ஐந்து கிழமைதானே என்றேன். ஐந்து கிழமை உங்களுக்கு எண்ணச் சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது மீன் வாங்கிக்கொண்டு போனாள் என்பதால் கோபம் பெரிதல்ல என்று நினைத்துக்கொண்டேன். இதுவும் ஒரு பிழை. கோபமாக இருந்தாலும் இரவுக்குச் சமைக்கத்தானே வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை, பண்டிகைக்கு முதல் நாள் போல என் மேசைக்கு வரிசை கதவு வரை நின்றது. தலைக்குத் துவாயைப் போல ஸ்காஃப் சுற்றிய ஒரு வயதான அம்மா முன்னுக்கு வந்து இருந்தார். தன் அண்ணன் தம்பி வழியில் ஒரு பிள்ளை, பாவம், எழும்ப முடியாமல் கிடக்கிறான், வீட்டில் பச்சைப் பிள்ளை, பெண்சாதி பகலெல்லாம் வெளியே. இப்படிக் கிடக்கும் ஆட்களுக்கு அரசாங்கம் வீட்டுக்கு உதவி ஆள் அனுப்பும் என்று கோயிலில் யாரோ சொன்னார்களாம். அதற்கு ஒரு கடிதம் வேண்டும். பெயரும் இலக்கமும் அனுப்பவேண்டிய அரசாங்க விலாசமும் இதில் இருக்கிறது என்று ஒரு வெற்றுக் கடித உறையை நீட்டினார். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு கிடந்த நேரம் மேசையில் இருந்து எடுத்து வந்ததாம்.

உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை.

பெயரைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். தம்பி, நம் ஆட்களின் பெயர் அரசாங்க உறையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு, இரண்டும் அந்தச் சின்ன ஒட்டுத்தாளுக்குள் அடங்காமல் நடுவில் முறிந்து நிற்கும். அவன் எனக்கு யோகன். உறையில் இருந்தது இருபத்தைந்து ஆங்கில எழுத்து. நான் பெயர்களை வாசிப்பதில்லை, படம் வரைவதுபோலப் பார்த்துக் கீறுவேன். முன்பு அவன் படிவத்தையும் அப்படித்தான் கீறியிருந்தேன். முதுகு நோவோ, அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் பாதிப் பேருக்கு இருந்தது. ஃபக்ரரிகள் அப்படி.

கடிதத்தை மட்டும் கீறவில்லை, இழைத்தேன். நான் எழுதிய கடிதங்களில் அதுதான் உச்சம் என்று இன்றைக்கும் சொல்வேன். இந்த மனிதரால் ஒரு தேநீர்க் கோப்பையைக்கூடத் தூக்க முடியாது. பிள்ளை தொட்டிலில் அழுகிறது, தகப்பன் சோஃபாவில் அழுகிறார், இருவரையும் தூக்குவதற்கு ஆள் இல்லை. தமிழில் வாசித்துக் காட்டினேன். அந்த அம்மா அழுதார். தட்டில் படம் தெரிவுசெய்துகொண்டு நின்ற ஒருவரும் மூக்கைச் சிந்தினார்.

பத்து நாளில் யோகன் ஓடிவந்தான். கையில் காப்புறுதி அலுவலகத்தின் கடிதம். பிள்ளையைப் பார்ப்பதற்கென்று லீவு எடுத்தவர் பிள்ளையைப் பார்க்க இயலாதவர் என்று தகவல் வந்திருக்கிறது, நேரில் வந்து விளக்கவேண்டும், அதுவரை எல்லாம் நிறுத்தம். விளக்கம் பிழைத்தால் லீவு போகும். அவன் வேலைக்குத் திரும்பவேண்டும். பிள்ளையோடு வதனி வீட்டில் நிற்கவேண்டும். மூன்றாம் நாள் அவள் இடம் வேறொருவருக்கு.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

"எந்த மடையன் எழுதிக் குடுத்தவன்? உப்பிடியானவங்களை இந்தத் தொழிலிலை விடக்கூடாது. ஆளை மட்டும் கண்டுபிடி, மிச்சத்தை நான் பாக்கிறன்."

மொழிபெயர்க்க நானே வருகிறேன் என்றேன். அவனுக்கு ஆங்கிலம் வரும், ஆனால் பயந்தால் வராது.

குறித்த நாள் வதனிக்குச் செய்முறைச் சோதனை. கட்டிலில் ஆள் கிடக்கும்போதே விரிப்பு மாற்றிக் காட்டவேண்டும். அவள் அங்கே போய்விட்டாள். யோகன் பிள்ளையோடு கீழே இறங்கினால் வாசலில் பவளம் மாமி கோட் போட்டுக்கொண்டு நிற்கிறார். முதுகு விஷயமாக அரசாங்கம் கூப்பிட்டிருக்கிறது என்று எப்படியோ அறிந்து, சாட்சி சொல்லப் புறப்பட்டிருந்தார். பிள்ளையைத் தானே வாங்கிக்கொண்டார். யோகன் இரண்டு பஸ்ஸுக்கும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூனி நடந்து வந்தானாம். நான் பனியில் தாமதமாகிப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் அதிகாரியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாமி என்னைக் கண்டு மலர்ந்து சிரித்தார். என்னைத் தெரியாதவர்கள் ஸ்காபரோவில் இல்லாதபடியால் நானும் சிரித்தேன்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண்மணி. பகலில் பிள்ளையைப் பார்ப்பது யார் என்று கேட்டார். யோகன் மாமியைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு என்னிடம் முணுமுணுத்தான்.

"அண்ணை, மாமிக்குத் தெரியாமல் உள்ளதைச் சொல்லுங்கோ."

தம்பி தங்கச்சிமார், அடுத்த ஐந்து நிமிடத்தில் நான் செய்ததை நீங்கள் செய்யவேண்டாம். செய்யவும் உங்களால் முடியாது. அதிகாரியிடம் ஆங்கிலத்தில், இவர்தான் பார்க்கிறார், குளிப்பாட்டுவது, பால் கொடுப்பது எல்லாம் இவர்தான் என்றேன். என்னவாம் என்று மாமி கேட்டார். முதுகு எந்தப் பக்கம் என்று கேட்கிறா என்றேன். பிள்ளையைச் சிரமமில்லாமல் தூக்குவாரா என்று அதிகாரி கேட்டார். பஞ்சு போலத் தூக்குவார் என்றேன். என்னவாம் என்றார் மாமி. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறவர் என்று கேட்கிறா என்றேன்.

"மூண்டு எண்டு சொல்லுங்கோ," என்று மாமி மூன்று விரலை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அந்த அம்மா சொல்வது என்ன என்று அதிகாரி கேட்டார். விரல் நீண்டுவிட்டது, இனி எதையாவது மூன்றாக்கவேண்டும். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று போத்தல் பால் என்றேன்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஐந்து மாதப் பிள்ளைக்கு மூன்றுதானா என்று கேட்டுப் பேனையை எடுத்து எழுதினார். பொய்யைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டேன்.

பிறகு அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இதில் அப்படிச் சொல்லவில்லையே என்றார்.

தாளைப் பார்த்தேன். எழுத்து அழகாக இருந்தது. மிகவும் அழகாக இருந்தது. வால் நீட்டி எழுதியிருந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. தேநீர்க் கோப்பை என்ற இடத்துக்கு வந்தபோதுதான் அது என் எழுத்து என்று பிடிபட்டது. லேசாக மீன் வாசமும் அடித்தது.

மாமி தாளைக் கண்டதும் மகிழ்ந்துபோய் என் தோளில் தட்டினார்.

"உது இந்தத் தம்பி எழுதித் தந்தது. வடிவான கையெழுத்து."

யோகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒருவன் அப்படிப் பார்த்து அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் நான். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தொடங்கியது. முதலில் சிணுங்கல், பிறகு முழுக் குரல். மாமி தட்டினார், ஆட்டினார், எழும்பி நின்று சுற்றினார். அதிகாரி தன் சாவிகள் தொங்கிய திறப்புக்கோர்வையை எடுத்துக் குலுக்கினார். நானும் என் பங்குக்கு ஒரு முகம் காட்டினேன், அதோடு அழுகை இரண்டு மடங்காகியது. தடுப்புச் சுவருக்கு மேலால் பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை மாமியின் தோளுக்கு மேலால் தகப்பனை நோக்கி இரண்டு கையையும் நீட்டியது.

யோகனின் முழங்கால்கள் கதிரைக்குக் கீழே ஆடத் தொடங்கின. நான் கண்ணால் சைகை காட்டினேன், இரு, அசையாதே, ஏதாவது யோசித்துச் சொல்கிறேன் என்று.

"காணும் அண்ணை, இனி நடிக்கேலாது," என்றான்.

எழும்பினான். நேராக, கூனல் இல்லாமல், ஆறடி ஆள் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மாமியிடமிருந்து பிள்ளையை வாங்கி இடது கையில் நீட்டிக் கிடத்தினான். பிறகு அந்த அரசாங்க அலுவலகத்தின் நடுவில், அதிகாரியின் மேசைக்கு முன்னால், தோப்புக்கரணம் போடத் தொடங்கினான். குந்தினான், எழும்பினான். குந்தினான், எழும்பினான். பன்னிரண்டாவதில் அழுகை விக்கலானது. இருபதில் கண் செருகியது. முப்பத்திரண்டில் வாய் திறந்தபடி தூங்கிவிட்டது. நித்திரை பதியட்டும் என்று இன்னும் ஐந்து போட்டான். மூச்சு வாங்கவில்லை.

அதிகாரிக்கும் மாமிக்கும் ஒரே நேரத்தில் எல்லாம் விளங்கியது. மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.

மாமிதான் முதலில் வாய் திறந்தார்.

"முதுகு?"

"முதுகுக்கு ஒண்டுமில்லை மாமி. பிள்ளையைப் பாக்கத்தான் லீவு எடுத்தனான். வதனி படிக்கட்டுமெண்டு. வெக்கத்திலை சொல்லேல்லை."

மாமி அழப்போகிறார் என்று நினைத்தேன், ஏசப்போகிறார் என்று யோகன் நினைத்தானாம்.

"அப்ப என்ர எண்ணெய்? மூண்டு போத்தல் தந்தனான். என்ன செய்தனி?"

"பிள்ளைக்குத் தேச்சு வாத்தனான் மாமி."

மாமி குனிந்து தூங்கும் பிள்ளையின் கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அது மினுங்கியது.

"அதுதான்," என்றார். எண்ணெய் வீண் போகவில்லை என்பதில் அவருக்கு மிச்சமெல்லாம் அடங்கிவிட்டது.

அதிகாரி என் பக்கம் திரும்பி, அந்த அம்மா முதலில் சொன்னது என்ன என்று திரும்பவும் கேட்டார். மறந்திருக்கவில்லை. நான் எத்தனையோ வழி யோசித்தேன். எனக்கு வழி தோன்றாமல் போனதில்லை, அன்றைக்கும் நான்கு தோன்றியது. ஆனால் யோகன் பிள்ளையோடு நின்ற நிலையைப் பார்த்தால் அந்த நான்கில் ஒன்றும் வாயில் வரவில்லை. இந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான் என்று அந்த அம்மா சொன்னார், அது உண்மை, யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று பார்க்காமல் எழுதினேன், பிள்ளை குடிப்பது மூன்று போத்தலும் அல்ல என்றேன். ஆறு என்று யோகன் திருத்தினான்.

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு தன் பேனையை நீட்டி, அதே தாளில், அதே கையெழுத்தில், இப்போது கண்டதைக் கீழே எழுதச் சொன்னார். என் உச்சமான கடிதத்தின் அடியில், மேற்படி மனிதர் பிள்ளையைத் தூக்கி முப்பத்தேழு தரம் இருந்து எழும்பினார், பிள்ளை நித்திரை என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அவர் வாசித்தார். மேலே உள்ளதைவிடக் கீழே உள்ளது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்றார். அதன்பின், கோப்பை மூடிக்கொண்டே, உங்களுக்கு நல்ல கை இருக்கிறது, எழுதுவதற்கு முதல் இன்னுமொரு கேள்வி கேளுங்கள் என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை அவரிடம். இத்தனை வருடத்தில் எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித் தந்தவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் அவரைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் நானாகப் படித்தது.

லீவு தொடர்ந்தது. வதனி அன்றைய சோதனையில் ஆளை அசைக்காமல் விரிப்பு மாற்றினாள். அதற்குப் பிறகு என் கோப்புகளில் மேல் மூலையில், எந்த அரசாங்கமும் கேட்காத ஒரு விவரத்தை எழுதி வைத்தேன். வீட்டில் கூப்பிடும் பெயர். நீங்களும் எழுதுங்கள். உறையில் இருப்பது அரசாங்கத்தின் ஆள். உங்கள் முன்னால் இருப்பது யோகன். இருவரையும் ஒரே தாளில் வைத்திருக்காவிட்டால் ஒரு நாள் உங்கள் கையெழுத்தே உங்கள் முன்னால் வந்து குந்தும். என் கொள்கையில் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பின்பாதியை அன்றே பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தேன்.

யோகன் பயந்த செய்தி அன்று பின்னேரமே உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனது. கொண்டுபோனவர் மாமி. ஆனால் அவர் சொன்ன விதம் வேறு. இந்தக் கட்டடத்திலேயே பிள்ளை நித்திரையாக்கத் தெரிந்த ஒரே ஆள் தன் மருமகன்தான், அரசாங்கமே நேரில் பார்த்துக் கையொப்பம் வாங்கியது என்று சொன்னார். அடுத்த கிழமை அடங்காத பிள்ளைகளோடு மூன்று தாய்மார் அவன் கதவைத் தட்டினார்கள். கடைசியில் உண்மையாகவே அவனுக்கு முழங்கால் நொந்தது.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம். மாமி ஒரு மனிதனைக் கோட் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வீடியோக் கடைக்குள் வந்தார். தூரத்து உறவு, பெண்சாதிக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது.

"தம்பி, உவனுக்கும் அந்த லீவைப் போடுங்கோ."

அவன் கசெற் தட்டைப் பார்த்தான், ஐஸ்பெட்டியைப் பார்த்தான். எடுக்க ஆசைதான் மாமி, ஆனால் பிள்ளை தூக்கேலாது, எனக்குக் கொஞ்ச நாளாக முதுகு நோ என்றான்.

நான் பேனையை மூடினேன். மாமி என்னைப் பார்த்தார், நான் மாமியைப் பார்த்தேன். மாமி ஐஸ்பெட்டியிலிருந்து பெரிய மீன் ஒன்றை எடுத்து அவன் இடது கையில் நீட்டிக் கிடத்தினார்.

"முப்பது," என்றார். "நான் எண்ணுறன்."